கரணம் தப்பினாலும்: மில்லு கிளாஸில் பதினான்கு மாதங்கள்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் செல்லும் சாலையை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே இறங்கும் ஒரு கிளைப் பாதையில், அரவை நின்றுபோய்ப் பல ஆண்டுகளான ஒரு நெல் ஆலை இருக்கிறது. அங்கே வாரத்தில் ஐந்து நாள், மாலை நான்கரை மணி முதல் ஆறரை மணி வரை, பெண் குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுத் தருகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, பாதி உதிர்ந்த நிலையில் சுவரில் நிற்கும் பழைய முதலாளியின் பெயரைத் தவிர வேறு எழுத்தே அங்கு இல்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் 'மில்லு கிளாஸ்' என்று சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். என் மகள்வழிப் பேத்தி அங்கே சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். அவளைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் என் பொறுப்பு. இடையிலுள்ள இரண்டு மணி நேரமும் களத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சேர்க்கலாமா என்று பலரும் கேட்பதால், பார்த்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

அவள் ஏன் போனாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2016 ஆகஸ்ட் 14 அன்று, ரியோ ஒலிம்பிக்கில், திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ஓடிவந்து, மேசையில் கை ஊன்றி, காற்றில் முன்புறமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டார் என்று நாம் நினைக்கும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கி, அப்படியே நிமிர்ந்து எழுந்த காட்சியை என் மகளின் கைப்பேசியில் அவள் பார்த்தாள். அது நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. பார்த்த அன்று மாலையே கூடத்தில் இரண்டு மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கிவிட்டாள். நான்காம் நாள் பீரோவின் கைப்பிடி உடைந்தது. பீரோவைக் காப்பாற்றவாவது எங்கேயேனும் சேர்க்க வேண்டியதாயிற்று.

மில்லு கிளாஸ் எங்களுக்கு இரண்டாவது இடம். முதலில் சேர்த்தது நகரத்துக்குள் ஒரு மாடியில் நடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், பெயர் வேண்டாம். வாசலில் ஒரு வெளிநாட்டு வீராங்கனையின் ஆளுயரப் படம், உள்ளே கண்ணாடிச் சுவர், குளிர்சாதன வசதி, மூன்று மாதத்தில் பதக்கம் என்று அச்சடித்த துண்டறிக்கை. முதல் வாரத்திலேயே பின்புறமாகக் கரணம் போடச் சொன்னார்கள். தரையில் விரித்திருந்ததோ பளு தூக்குவோர் இரும்பைப் போடுவதற்கான கெட்டி ரப்பர். இரண்டாம் வாரம் மணிக்கட்டு வீங்கி வீட்டுக்கு வந்தாள். எலும்பு முறியவில்லை என்றாலும் ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். சோறு ஊட்டிவிட வேண்டியிருந்தது. முன்பணமாகக் கட்டிய மூன்று மாதக் கட்டணத்தைக் கேட்கப் போனபோது, விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கரணம் தப்பினால் மரணம் என்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆறு வாரத்தில்தான் அந்தச் சொல்லின் எடை எனக்குப் புரிந்தது. கரணம் என்றால் தப்பத்தான் செய்யும். நூறு முறை போட்டால் தொண்ணூறு முறை தப்பும். தப்பும்போது பிள்ளை எதன்மேல் விழுகிறது, எப்படி விழக் கற்றிருக்கிறது என்ற இரண்டைத்தான் பெற்றவர்கள் விசாரிக்க வேண்டும். இரண்டாவது இடத்தைத் தேடியபோது, எங்கே போனாலும் முதலில் மெத்தையைத் தட்டிப் பார்த்தேன். ஆசிரியரிடம் பேசியது அதற்குப் பிறகுதான்.

ஆலையின் முன்னால் நெல் காயப்போடுவதற்காகப் போட்ட சிமெண்டுக் களம் இருக்கிறது. 'வால்ட்' எனப்படும் தாண்டலுக்கு ஓடுபாதை மட்டும் 25 மீட்டர் வேண்டும். நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் எதற்குள்ளும் அது அடங்குவது கடினம். களத்தில் தாராளமாக அடங்குகிறது. மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள். ஓடிவரும் பிள்ளை கொட்டகையின் அகன்ற வாசல் வழியாக உள்ளே புகுந்து, ஸ்பிரிங் பலகையை மிதித்து, மேசையில் கை வைத்து எழும்ப வேண்டும். மேசைக்கு அப்பால், ஒரு காலத்தில் நெல் ஊறவைத்த தொட்டிகள் பள்ளமாக இருக்கின்றன. அவற்றில் இரண்டின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி, மெத்தைக் கடைகளில் வெட்டிக் கழித்த ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக நிரப்பியிருக்கிறார்கள். விளிம்பு முழுவதும் லாரி ட்யூபை அறுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சாக்கு வைத்துத் தைத்திருக்கிறார்கள். கரணம் போட்ட பிள்ளை கழுத்துவரை ஸ்பாஞ்சுக்குள் புதைந்து, குளத்தில் நீந்தி வருவதுபோலத் துழாவிக்கொண்டு வெளியே வரும். முதல் நாள் மேல்துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு நானே இறங்கினேன். தோள்வரை கையை விட்டுத் துழாவியபோது அடியில் இன்னொரு படுகை தட்டுப்பட்டது: சாக்கில் அடைத்துக் கட்டிய தேங்காய் நார். சிமெண்டு எங்கும் கையில் இடிக்கவில்லை. மேலே ஏறி, சட்டையில் ஒட்டிய ஸ்பாஞ்சைத் தட்டிவிட்டு, சேர்க்கைப் படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். படிவம் என்று ஒன்று இல்லை. ஒரு நீளநோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோரும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் அகர்தலாவைச் சொல்வது வழக்கம். 1993-இல் பிறந்து, 6 வயதில் பயிற்சியைத் தொடங்கிய தீபா வளர்ந்தது அங்கே விவேகானந்தர் பெயரில் இயங்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும் கூடம் அது. வால்ட் மேசை இல்லாததால் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதையே மேசையாக வைத்துக்கொண்டதையும், பழைய ஸ்கூட்டரின் உதிரிபாகங்களைக் கொண்டு கருவி செய்துகொண்டதையும் அவருடைய பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியைப் பற்றிய கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அகர்தலாவில் தீபாவுக்கு வெகுகாலம் முன்பே இந்த விளையாட்டு வேரூன்றியிருந்தது. அர்ஜுனா விருது பெற்ற மந்து தேவ்நாத் அந்த ஊர்க்காரர்தான். தீபாவின் தந்தையே பளு தூக்குதல் பயிற்சியாளர். அப்படியொரு வழிவழி வந்த சூழல் நம் டெல்டாவில் கிடையாது. கபடி என்றால் ஊருக்கு ஓர் அணி உண்டு, சிலம்பத்துக்கு ஆசான்கள் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால், அது சர்க்கஸா என்று கேட்பவர்களே இன்னமும் அதிகம்.

நேரடி வாரிசாக இல்லாவிட்டாலும் தூரத்துச் சொந்தமாக ஒன்று நம்மிடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தளத்துச் சுற்றில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்து, மீதி 27 கற்களை வெறுமையாக விட்டுவிட்டார்கள். அங்கே எல்லாரும் ஏறிப் பார்த்துவிட முடியாது என்பதால், கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலுள்ள கரணச் சிற்பங்களைப் பேத்திக்குக் காட்டினேன். பாதத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் உருவத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இவங்களுக்கு முட்டி மடங்கியிருக்கு, அக்கா பார்த்தா திட்டுவாங்க" என்றாள். பரத சாஸ்திரம் வேறு, ஒலிம்பிக் விதிப்புத்தகம் வேறு என்று அவளுக்கு விளக்க முற்படவில்லை.

'அக்கா' என்று பிள்ளைகள் அழைக்கும் ஆசிரியர் முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். மாநில அளவில் ஆடியவர்; திருமணமாகி இந்தப் பக்கம் வந்தவர். தன் பதக்கங்களைப் பற்றி அவராகப் பேசி நான் கேட்டதில்லை. சேர்ந்த முதல் நாள் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளையும் காலை நனைத்துக்கொண்டு காய்ந்த களத்தில் நான்கு அடி நடக்கச் சொன்னார். நான்கு பேருடைய பாதச்சுவடும் நடுவில் உள்வாங்கி, வளைந்து பதிந்தது. என் பேத்தியின் சுவடு மட்டும் பலகையில் அறுத்ததுபோல் முழுதாகப் பதிந்தது. தட்டைப் பாதம். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். இவள் முகம் சுருங்கிவிட்டது. தட்டைப் பாதம் இருந்தால் ஓட்டத்திலும் எழும்புவதிலும் இறங்குவதிலும் தாங்கும் சக்தி குறையும் என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். பிறகு, தீபா கர்மாகருக்கும் இதே பாதம்தான் என்றார். அது உண்மை. தீபா பயிற்சிக்கு வந்தபோது தட்டைப் பாதத்தோடுதான் வந்தார்; பாதத்தில் வளைவைக் கொண்டுவருவதற்கென்றே அவருடைய பயிற்சியாளர் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது.

அன்று முதல் பேத்திக்கு வீட்டுப்பாடம் ஒன்று கொடுக்கப்பட்டது. இருபது புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, கால்விரல்களால் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் பிடித்தது. கொட்டை வழுக்கி அலமாரிக்கு அடியில் ஓடும், இவள் அழுவாள், பாட்டி புளியங்கொட்டைக்காக இரண்டு நாளைக்கு ஒருமுறை புளி கரைக்க வேண்டியிருந்தது. இப்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே நான்கு நிமிடத்தில் முடிக்கிறாள். போன மாதம் மீண்டும் வாளித் தண்ணீர் வந்தது. சுவட்டின் உட்புறத்தில் பிறைபோல ஒரு சிறு வெட்டுத் தெரிந்தது. ஆசிரியர் குனிந்து சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றிக் கோடு போட்டார். களம் காய்ந்தபின் கோடு மட்டும் நின்றது.

முதல் மூன்று மாதம் அங்கே விழுவதற்கு மட்டுமே பயிற்சி. இதைக் கேட்டுப் பாதிப் பேர் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். பணம் கட்டி விழக் கற்றுக்கொள்வதா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அரையடி உயரப் பெட்டியிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உள்வாங்கி, கையை முன்னால் நீட்டி, அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு ஒரு அடி, ஒன்றரை அடி என்று உயரம் ஏறும். பின்னால் சாய்ந்தால் கையை ஊன்றக் கூடாது, உருண்டுவிட வேண்டும். பக்கவாட்டில் போனால் தோளைக் கொடுக்க வேண்டும். மாடிக் கூடத்தில் பேத்தியின் மணிக்கட்டு வீங்கியது, விழும்போது கையை ஊன்றியதால்தான். அதை அங்கே எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இங்கே முதல் பாடமே அது.

இந்தப் பிடிவாதம் சரியென்று எனக்குக் காட்டியது ரியோவின் கணக்கு. நான் கணக்காசிரியனாகத் தொடங்கியவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு தாண்டலுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு: எடுத்துக்கொண்ட வித்தையின் கடினத்துக்கு ஒன்று, பத்திலிருந்து பிழைகளைக் கழித்து வரும் செய்நேர்த்திக்கு ஒன்று. இரண்டையும் கூட்டுவார்கள். இறுதிச் சுற்றில் வெவ்வேறான இரண்டு தாண்டல்களைச் செய்து, அவற்றின் சராசரியை எடுப்பார்கள். இறங்கும்போது காலைச் சற்றே நகர்த்தினால் 0.1, பெரிய அடியாக எடுத்து வைத்தால் 0.3, விழுந்தேவிட்டால் முழுதாக 1 போகும். தீபாவின் முதல் தாண்டலுக்கு 14.866 கிடைத்தது. இரண்டாவது, 'புரொதுனோவா' எனப்படும் அந்த இரட்டை முன்கரணம். 1999-இல் ரஷ்யாவின் எலெனா புரொதுனோவா செய்து காட்டியதால் அந்தப் பெயர். உலகில் போட்டியில் அதைச் செய்து கால்களில் இறங்கிய பெண்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதன் கடினத்துக்கு அன்று 7.0, செய்நேர்த்திக்கு 8.266, ஆக 15.266. இரண்டின் சராசரி 15.066. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 15.966-இல் எட்டாத உயரத்தில் இருந்தார். வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜியூலியா ஸ்டைன்குருபர் எடுத்தது 15.216. வித்தியாசம் 0.15. சராசரியில் 0.15 என்றால் இரண்டு தாண்டலின் கூட்டுத்தொகையில் 0.30, அதாவது இறங்கும்போது எடுத்து வைக்கும் ஒரே ஒரு பெரிய அடி. நாலாம் இடத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அதே இறுதிச் சுற்றில் 41 வயது ஒக்சானா சுசோவிதினாவும் புரொதுனோவாவை முயன்றார். இறங்கிய வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் முன்னால் உருண்டு, ஏழாம் இடத்தில் முடித்தார். உருளத் தெரிந்ததால் எழுந்து நின்று சிரித்தார்.

பெற்றோர்கள் அடுத்துக் கேட்பது, எவ்வளவு நாளில் பெயர் வரும் என்பது. ஆசிரியர் இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் தீபாவின் ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். நானும் பக்கத்தில் இருந்து பலமுறை கேட்டுப் பாடமாகிவிட்டது. 6 வயதில் தொடக்கம். 2008-இல் ஜல்பாய்குரியில் தேசிய இளையோர் போட்டி வெற்றி. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியில் இடம், பதக்கம் இல்லை. 2011 தேசிய விளையாட்டில் ஒட்டுமொத்தப் பிரிவிலும் நான்கு கருவிகளிலும் ஆக ஐந்து தங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில் வெண்கலம்; அந்தப் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். 2015-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலம், அதே ஆண்டு உலகப் போட்டியில் ஐந்தாமிடம். 2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள். அதற்கு முன் ஒலிம்பிக்கில் ஆடிய 11 இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களும் ஆண்கள். அவர்களில் கடைசியாக ஆடியவர்கள் 1964-இல் ஆடினார்கள். 52 ஆண்டுக்குப் பிறகு போன ஒருவர், முதன்முதலாகப் போன பெண். எண்ணி முடித்துவிட்டு ஆசிரியர் சொல்வார்: "முதல் வெளிநாட்டுப் பதக்கத்துக்கே பதினைந்து வருசம் ஆச்சு சார். உங்க பாப்பாவுக்கு மூணு மாசம் ஆகுது." கேட்டவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நிற்பார்.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது வணிகத்துக்கு உதவாது. எழுபது பேர் சேர்ந்த இடத்தில் இப்போது இருபத்தாறு பேர்தான் வருகிறார்கள். இருப்பவர்களுக்கு அது நன்மை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையில் பதினைந்து தாண்டலாவது கிடைக்கிறது.

ஊட்ட மாவு விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்பையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் தந்தை ஒருவர், வலுவுக்கு நல்லது என்று ஒரு பெரிய டப்பாவைத் தூக்கி வந்தார். ஆசிரியர் அதை வகுப்பு வாசலைத் தாண்ட விடவில்லை. அவர் மேற்கோள் காட்டியது மறுபடியும் தீபாவைத்தான். 2021 அக்டோபரில் எடுத்த மாதிரியில் 'ஹைஜெனமைன்' என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததால் அவருக்கு 21 மாதத் தடை விதிக்கப்பட்டது. அது தன்னையறியாமல் உடலுக்குள் சென்றது என்று தீபா கூறினார். தடை 2023 ஜூலையில் முடிந்தது. அதற்கு முன்பே முழங்கால் சவ்வு கிழிந்து 2017-இல் அறுவை சிகிச்சை, அதிலிருந்து மீண்டு 2018-இல் துருக்கியின் மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பைத் தங்கம். தடையிலிருந்தும் மீண்டு வந்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில் 13.566 புள்ளிகளோடு ஆசியத் தங்கம் வென்றார். இந்தியர் எவரும் அதுவரை வென்றிராத தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் 31 வயதில் ஓய்வு அறிவித்தார். அர்ஜுனா, கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் பெற்ற ஒருவருக்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டு போயிற்றென்றால், லேபிளில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்கத் தெரியாத நமக்கு எதற்கு அந்த டப்பா என்று ஆசிரியர் கேட்டார். பிள்ளைகளுக்கு வேர்க்கடலை உருண்டையும் அவித்த முட்டையும் கொடுத்தனுப்பினால் போதும் என்பது அவர் சட்டம்.

இனிக் குறைகள். இவற்றை மென்று விழுங்கிவிட்டு எழுதினால் மதிப்புரை ஆகாது.

பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது நான்கு கருவிகள்: வால்ட், ஏற்ற இறக்கமாக நிற்கும் இரு கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி. மில்லு கிளாஸில் வால்ட் உண்டு. தரைப்பயிற்சிக்கு விதிப்படி 12 மீட்டர் சதுரம் வேண்டிய இடத்தில் ஏறக்குறைய பாதி உண்டு. கட்டை உண்டு, ஆனால் 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியது முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கம்பிகள் அறவே இல்லை. பழைய உத்திரத்தில் ஒற்றைக் குழாயைக் கட்டித் தொங்கப் பழக்குகிறார்கள். ஆக, ஒட்டுமொத்தப் பிரிவில் போட்டியிடும் அளவுக்கு ஒரு பிள்ளையை இங்கே வளர்க்க முடியாது. ஆசிரியரே இதை ஒப்புக்கொண்டு, நன்றாக வரும் பிள்ளைகளை ஓரிரு ஆண்டில் பெரிய ஊருக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். அதற்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் களம் முழுவதும் வழுக்கும், ஓடுபாதை போய்விடும். கொட்டகை ஓட்டில் நான்கு இடத்தில் ஒழுகுகிறது. ஸ்பாஞ்சுத் தொட்டியைத் தார்ப்பாயால் மூடுகிறார்கள் என்றாலும் ஈரம் ஏறிவிடுகிறது. ஈர ஸ்பாஞ்சு நாற்றமெடுக்கும், தோல் அரிக்கும். போன மழைக்காலத்தில் இருபத்திரண்டு நாள் வகுப்பு நடக்கவில்லை. நவம்பர் மாதக் கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்கள். நான் கேட்டபின் ஜனவரியில் பாதியைக் கழித்தார்கள். கேட்காதவர்களுக்குக் கழித்ததாகத் தெரியவில்லை. வெயில் வந்ததும் ஸ்பாஞ்சு முழுவதையும் வெளியே எடுத்துக் களத்தில் பரப்பி மூன்று நாள் காயவைத்தார்கள். நெல் காய்ந்த களத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஸ்பாஞ்சு காய்வதைப் பார்த்துவிட்டுப் பாதையில் போன ஒரு முதியவர், இது என்ன புது ரகமா என்று கேட்டார்.

உடை மாற்ற அறை என்று எதுவும் இல்லை. பழைய எந்திர அறையின் மூலையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். கழிப்பறை ஒன்றுதான், தாழ்ப்பாள் சரியில்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே நடக்கும் இடத்தில் இது மன்னிக்கக் கூடியதல்ல. இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாளை மாற்றினார்கள், அறை இன்னும் வரவில்லை. ஆறரைக்கு வகுப்பு முடிந்தால் பிரதான சாலைக்கு இருட்டில் நடக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள்தான் நாச்சியார்கோவில் பிள்ளைகளையும் சேர்த்து ஏற்றிப் போகிறோம்.

நேரடியாகப் பட்ட ஒன்றும் உண்டு. எட்டாம் மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் வரவில்லை. மூத்த மாணவி ஒருத்தியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். பெட்டியிலிருந்து குதிக்கும் பயிற்சியில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே சாணளவு இடைவெளி விட்டு விரித்துவிட்டார்கள். பேத்தியின் கால் அந்த இடைவெளியில் இறங்கிக் கணுக்கால் பிசகியது. பத்து நாள் ஓய்வு. மறுநாள் காலையிலேயே ஆசிரியர் வீட்டுக்கு வந்து, தன் மேல்தான் தவறு என்று சொன்னார். மருந்துச் செலவைக் கொடுக்க முன்வந்தார், நாங்கள் வாங்கவில்லை. அதன் பிறகு எல்லா மெத்தைக்கும் ஓரத்தில் கயிறு தைத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் வழக்கம் வந்துவிட்டது. அவர் இல்லாத நாளில் வகுப்பே இல்லை என்றும் அறிவித்தார். மாடிக் கூடத்தில் கேட்ட பதிலையும் இதையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் தொடர்ந்து அனுப்புகிறேன்.

கட்டணம் மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். விவசாய வீடுகளுக்கு ஒரு சலுகை உண்டு: அறுவடை முடிந்து நெல் போட்டபின் மொத்தமாகக் கட்டலாம், நீளநோட்டில் அதற்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. விலை உயர்ந்த உடை தேவையில்லை. உடலோடு ஒட்டிய பனியனும் அரைக்கால் சட்டையும் போதும். ஒரு வருடத்தில் குழந்தை மேடையில் ஏற வேண்டும், படம் எடுத்துப் போட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. பன்னிரண்டு வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களை அவர் வேறு விளையாட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார். எனக்கு அது சற்றுக் கடுமையாகத்தான் படுகிறது. ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் இருந்து, வீட்டில் மெத்தையும் பீரோவும் படாத பாடு படுகிறதென்றால் தயங்காமல் சேர்க்கலாம்.

என் பேத்தி போன வாரம்தான் முதன்முறையாக மேசையில் கை வைத்து ஒற்றை முன்கரணம் போட்டுத் தொட்டிக்குள் விழுந்தாள். மெத்தைமேல் காலூன்றி இறங்க இன்னும் ஓர் ஆண்டாவது ஆகும் என்கிறார் ஆசிரியர். அடுத்த சேர்க்கை பொங்கல் முடிந்து களம் நன்றாகக் காய்ந்தபின் தொடங்குகிறது. வருபவர்கள் ஒரு பழைய துண்டும், தண்ணீர் பாட்டிலும், நன்றாகக் கழுவிக் காயவைத்த இருபது புளியங்கொட்டையும் கொண்டுவர வேண்டும்.